பழசுக்குப் புது மவுசு

தில்லியின் ஷாபூர் ஜாட் சந்துகளில் பழம்பட்டுக்கும் தனிக்கடை டிசைனர்களுக்கும் நல்ல காலம். அந்த நல்ல காலமே அவர்களைக் காலி செய்துவிடுமோ என்பதுதான் கவலை.

கண்ணாடி அலமாரிக்குள் ஒரு கோட்டு தொங்குகிறது. அரக்கு நிற உடல். கைகளின் ஓரத்தில் மாம்பழ மஞ்சள் கரை, அதில் வரிசையாக அன்னப்பட்சிகள். காஞ்சிபுரத்தை அறிந்த கண்களுக்கு ஒரு நொடி போதும். இது கோட்டாகப் பிறந்ததல்ல. எங்கோ ஒரு மணமேடையில் புடவையாகப் பளபளத்தது. முந்தானைதான் இப்போது முதுகு. மடிப்பில் இழை விட்டுப்போன இடத்தை மறைக்கக்கூட இல்லை. அதன்மேல் சின்னச் சின்னதாக நூலோட்டி அதையே அலங்காரமாக்கியிருக்கிறார்கள். கழுத்தில் தொங்கும் அட்டை அது 'விண்டேஜ்' என்கிறது. விலை ஐந்து இலக்கத்தில்.

கடைக்கு வெளியே, மூன்றடி தள்ளி, கயிற்றுக் கட்டிலில் ஹூக்கா பிடித்தபடி ஒரு தாத்தா உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேல் மின்கம்பிகள் கொத்துக் கொத்தாகச் சிக்கிக் கிடக்கின்றன. சந்தின் அகலம் ஒரு கார் நுழையவும் இடம் தராது. தோளில் துணிக்கட்டோடு ஒரு பையன் ஓடுகிறான். அவனுக்கு வழிவிட்டு, கல்யாணத்துக்கு லெஹங்கா தேடி வந்த குடும்பம் ஒன்று சுவரோடு ஒட்டி நிற்கிறது.

இதுதான் ஷாபூர் ஜாட். தெற்கு தில்லியில் ஆசிய விளையாட்டு கிராமத்துக்கும் பஞ்ச்ஷீல் பார்க்குக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட ஒரு பழைய கிராமம். பெரிய மால்களில் கிடைக்காத உடுப்பு வேண்டும் என்பவர்கள், தன் பெயரில் ஒரு லேபிள் தொடங்க நினைக்கும் இளம் டிசைனர்கள், பாட்டி காலத்துப் புடவையைப் புதுசாக்க விரும்புகிறவர்கள் எல்லோரும் தாதா ஜங்கி லேன் பக்கம் ஒருமுறையாவது வந்து போகிறார்கள். 2018-ல் மெட்ரோவின் மெஜந்தா தடத்தில் பஞ்ச்ஷீல் பார்க் நிலையம் திறந்தபிறகு வழி இன்னும் சுலபம்.

பழசுக்கு இவ்வளவு மவுசு வந்தது எப்படி? அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது? இரண்டாவது கேள்விக்குப் பதில் இந்தக் கண்ணாடி அலமாரியில் இல்லை. அதைத் தேடி மாடிப்படி ஏற வேண்டும். விடியுமுன் நகரின் மறுகோடிக்கும் போக வேண்டும்.

நத்தத்தைச் சுற்றி ஒரு கோடு

ஊருக்கு வயது அதிகம். மங்கோலியப் படைகளைத் தடுக்க அலாவுதீன் கில்ஜி 1303-ம் ஆண்டுவாக்கில் எழுப்பிய சிரி நகரத்தின் எச்சங்கள்மேல்தான் கிராமம் அமர்ந்திருக்கிறது. கோட்டைச் சுவரின் துண்டுகளை இன்றும் பார்க்கலாம். பெயர் சொல்வதுபோல ஜாட் விவசாயிகளின் ஊர். வயல்களை நகர விரிவாக்கம் விழுங்கியது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு வந்த வீரர்களுக்கான குடியிருப்பு எழுந்தது இந்தப் பக்கத்தில்தான். நிலம் போனபிறகு விவசாயிக்கு மிஞ்சியது வீடு. வீட்டில் விளையக்கூடிய ஒரே பயிர் வாடகை.

அந்தப் பயிருக்கு உரம் போட்டது ஒரு சிவப்புக் கோடு. ஆங்கிலேயர் ஆட்சியில், 1908-ல், வருவாய்த் துறையினர் தில்லி கிராமங்களின் வரைபடத்தில் நத்தத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு எல்லை வரைந்தார்கள். விளைநிலம் வேறு, குடியிருப்பு வேறு என்று காட்டுவதுதான் நோக்கம். அதுவே 'லால் டோரா', அதாவது சிவப்பு நூல். 1963-ல் அந்த எல்லைக்குள் கட்டட விதிகளிலிருந்து விலக்கு தரப்பட்டது. கிராமத்தான் மாட்டுக்கொட்டகை போடவும் ஓர் அறை கூட்டிக் கட்டவும் வரைபடம் தூக்கிக்கொண்டு மாநகராட்சிக்கு அலைய வேண்டாம் என்ற நல்லெண்ணம். மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் நான்கு மாடி எழும் என்று அப்போது யார் நினைத்தார்கள்!

கீழே கடை, நடுவில் பட்டறை, மேலே குடித்தனம் என்று வீடுகள் உயர்ந்தன. நேரு வகுத்த காலத்தின் ஒழுங்கான காலனிகளில் அப்படிக் கலந்து கட்ட முடியாது. வாடகையும் அங்கே எட்டாக்கனி. கூப்பிடு தூரத்தில் பணக்காரக் காலனிகள், கிராமத்துக்குள் மலிவான அறைகள். புதிதாகத் தொழில் தொடங்குகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

இதற்கெல்லாம் பொருத்தமாக, 1986-ல் மத்திய அரசு தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனத்தை, சுருக்கமாக நிஃப்டை, தில்லியில் தொடங்கியது. அதன் வளாகம் அமைந்தது பக்கத்திலுள்ள ஹவுஸ் காஸில். ஆண்டுதோறும் அங்கே படித்து வெளியேறுகிறவர்களில் எல்லோருக்கும் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலைக்குப் போக மனம் இருப்பதில்லை. சொந்தப் பெயரில் பத்து சட்டை தைத்து விற்றுப் பார்க்க நினைப்பவர்களுக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஒரு கிராமம் கிடைத்தது.

மாடிப்படி ஏறினால்

கடைத்தெருவில் நடப்பவர்கள் பெரும்பாலும் கீழ்த்தளத்தை மட்டுமே பார்க்கிறார்கள். கடைகளுக்கு இடையே இருட்டாக ஒரு படிக்கட்டு இருக்கும். இரண்டு மாடி ஏறினால் கதவு திறந்தே கிடக்கும். உள்ளே, அறையை அடைத்துக்கொண்டு கட்டில் போன்ற ஒரு மரச்சட்டம். அதில் துணியை மேளத்தோல் மாதிரி இழுத்துக் கட்டியிருப்பார்கள். இதற்கு 'அட்டா' என்று பெயர். சுற்றிலும் நான்கைந்து பேர் தரையில் உட்கார்ந்து, குனிந்து, கொக்கி முனை கொண்ட ஆரி ஊசியால் துணியைக் குத்தியெடுத்துக்கொண்டிருப்பார்கள். சரிகைச் சுருள், முத்து, ஜிகினா எல்லாம் பக்கத்தில் கிண்ணங்களில்.

ஜர்தோசி வேலை செய்யும் இந்தக் காரிகர்களில் கணிசமானவர்கள் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள். பலருக்குக் கூலிக் கணக்கு 'நஃப்ரி'யில். எட்டு மணி நேரம் ஒரு நஃப்ரி. கல்யாண சீசனில் ஒரே நாளில் ஒன்றரை, இரண்டு என்று ஏறும். சீசன் முடிந்ததும் ஊருக்கு ரயில். பல பட்டறைகளில் வேலை செய்யும் அறையே தூங்கும் அறையும்.

சுயேச்சை டிசைனர் என்ற சொல்லுக்கு முன்னால் உள்ள 'சுயேச்சை' நிற்பது இந்த மாடிகளின் பலத்தில்தான். பெரிய ஆலையிடம் போய் ஆறு சட்டை வேண்டும் என்றால் சிரிப்பார்கள். அங்கே கணக்கு நூற்றுக்கணக்கில். இங்கே ஆறும் நடக்கும், ஒன்றும் நடக்கும். ஒரு அறை, ஒரு கட்டிங் மாஸ்டர், இரண்டு தையல் இயந்திரம் இருந்தால் லேபிள் ரெடி. பித்தான் வேண்டுமா, சாயம் ஏற்ற வேண்டுமா, பூவேலை வேண்டுமா, ஒவ்வொன்றுக்கும் ஆள் கைகாட்டும் தூரத்தில். கிடைக்காத சரிகை நாடாவுக்குப் பழைய தில்லியின் கினாரி பஜார் இருக்கவே இருக்கிறது. முதல் மாதிரி சரியில்லையென்றால் படியேறிப் போய்ச் சொல்லி, மாலைக்குள் அடுத்ததைப் பார்த்துவிடலாம். வடிவமைப்பவரும் தைப்பவரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் பேட்டைகள் நம் நாட்டில் குறைவு.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்தப் படிக்கட்டுகள் வெறிச்சோடின. நாடெங்கும் நகரங்களை விட்டுக் கிளம்பிய தொழிலாளர் கூட்டத்தில் தில்லியின் தையல், பூவேலைக்காரர்களும் இருந்தார்கள். கடைகளில் துணி இருந்தது, ஆர்டர்கூட இருந்தது, தைக்கக் கைகள் இல்லை. கண்ணாடி அலமாரிக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

விடிவதற்குள் முடியும் சந்தை

கைவேலை மாடியிலிருந்து வருகிறது. பழைய புடவை எங்கிருந்து வருகிறது?

ஓசையில்லாமல் நடக்கும் பெரிய வியாபாரம் அது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தருகிற பெண்களை நாம் எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறோம். 'பழைய பட்டுப்புடவை, சரிகை இருக்கா' என்று குரல் கொடுத்துப் போகும் ஆட்களும் தமிழ்நாட்டுத் தெருக்களுக்குப் புதிதல்ல. தில்லியில் இந்தத் தொழில் பெரும்பாலும் குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட வாக்ரி சமூகத்துப் பெண்கள் கையில். தேவிபூஜக் என்றும் இவர்களைக் குறிப்பிடுவது உண்டு. தலையில் பாத்திரக் கூடையோடு பகலெல்லாம் காலனி காலனியாக நடப்பார்கள். ஒரு டிபன் கேரியருக்கு எத்தனை புடவை என்று வாசல்படியில் பேரம் நடக்கும். இந்தப் பேரத்தில் வீட்டம்மாவுக்கு ஒருபோதும் திருப்தி வராது, பாத்திரக்காரிக்கும் வராது.

சேர்ந்த துணியெல்லாம் போய்ச் சேரும் இடம் மேற்கு தில்லியின் ரகுபீர் நகர். 'கோடா மண்டி' என்று சொன்னால் ஆட்டோக்காரர்களுக்குப் புரியும். சூரியன் எழுமுன்னே சந்தை சூடுபிடித்துவிடும். குவியல் குவியலாகத் துணி. வாங்க வந்தவர்கள் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள், கைகளால் இழுத்துப் பார்க்கிறார்கள், கிழிசலைக் காட்டி விலையைக் குறைக்கிறார்கள். காலைச் சிற்றுண்டி நேரத்துக்குள் பெரும்பகுதி கைமாறிவிடும். அதன்பின் அந்தப் பெண்கள் பாத்திரக் கூடையைத் தூக்கிக்கொண்டு மறுபடி நடக்கத் தொடங்குவார்கள்.

எந்தத் துணி எங்கே போகும் என்பதில் இங்கே ஒரு துல்லியமான கணக்கு உண்டு. தேறும் கால்சட்டையும் சட்டையும் வெளுத்து, தைத்து, இஸ்திரி போட்டு, ஏழைகளின் வாரச்சந்தைக்குப் போகும். நைந்த பருத்தி, இயந்திரம் துடைக்கும் கந்தையாகும். அசல் வெள்ளிச் சரிகை என்றால் தனி வியாபாரி உண்டு. புடவையை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார். எத்தனை கூறைப்புடவைகள் இப்படிச் சாம்பலாகி உருக்கு வில்லையாக முடிந்தனவோ! சாயம் போகாத பட்டு இன்னொரு வழியில் திரும்பும். தலையணை உறையாக, பாவாடையாக, வெளிநாட்டுப் பயணிகள் குவியும் புஷ்கர் போன்ற ஊர்களின் கடைகளுக்கும் ஏற்றுமதிக்கும் போகும். பிரிட்டிஷ் மானுடவியலாளர் லூசி நோரிஸ் இந்தச் சந்தைகளில் அலைந்து ஆராய்ந்து, இந்தியத் துணிகளின் மறுவாழ்வு பற்றி 2010-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

நம் வீடுகளில் பழந்துணியோடு உள்ள உறவு விசித்திரமானது. பிறந்த குழந்தையைப் பாட்டியின் நைந்த நூல்புடவையில்தான் சுற்றுவோம். தூளி கட்டுவதும் அதில்தான். வங்காளத்தில் அடுக்கடுக்காகப் பழம்புடவைகளை வைத்துத் தைப்பதே காந்தா. ஆனால் முகம் தெரியாதவர் உடுத்திக் கழித்ததை விலை கொடுத்து வாங்குவதா என்றால் முகம் சுளிப்போம். சொந்தக்காரரின் பழசு ஆசீர்வாதம், அந்நியரின் பழசு தீட்டு. அதனால்தான் நெடுங்காலம் இந்தச் சந்தை இருட்டிலேயே நடந்தது. வாங்கி உடுத்தியவரும் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

'விண்டேஜ்' என்ற ஆங்கிலச் சொல் வந்து இந்தத் தீட்டைக் கழித்தது. பொதுவாக இருபது ஆண்டுகளாவது ஆனதைத்தான் ஆடை வியாபாரத்தில் அப்படிச் சொல்கிறார்கள். நூறு தாண்டினால் பழம்பொருள். அப்புறம் 1972-ம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் குறுக்கே வரும், இஷ்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இடைப்பட்ட எண்பது ஆண்டுப் புடவைகள்தான் இப்போது எல்லோரும் தேடுவது. நேற்றுவரை 'கழிசல்' என்று பாத்திரத்துக்குப் போட்டதை இன்று ஹேங்கரில் மாட்டிப் பார்க்கிறோம். விலையில் ஏற்பட்ட வித்தியாசத்தில் டிபன் கேரியர் தந்த பெண்ணுக்கு எவ்வளவு? அவள் ரகுபீர் நகரில் கைமாற்றியதோடு அவள் கணக்கு முடிந்துவிட்டது. மற்ற லாபமெல்லாம் அதற்குப் பிறகு ஏறியது.

கைபேசியில் ஒரு பழந்துணிக் கடை

ஊரடங்குக் காலம் இன்னொரு ரகக் கடைக்காரர்களையும் உண்டாக்கியது. கல்லூரி மூடி வீட்டில் முடங்கிய இளசுகள் இன்ஸ்டாகிராமில் 'திரிஃப்ட்' கடை திறந்தார்கள். ஒரு உடுப்பு, ஒரு படம், ஒரு விலை. முதலில் கேட்பவருக்கே பொருள். வாடகை இல்லை, மின்கட்டணம் இல்லை, சீல் வைக்க வருகிற அதிகாரியும் இல்லை.

சரக்கு எங்கிருந்து? அலமாரியிலிருந்து கொஞ்சம், சொந்தபந்தத்திடமிருந்து கொஞ்சம். தில்லியில் அதோடு சரோஜினி நகர் மார்க்கெட்டும் உண்டு. நொய்டா, ஓக்லா, குருகிராம் ஆலைகள் வெளிநாட்டுக்குத் தைத்ததில் மிஞ்சியதும் கழித்ததும் லேபிள் வெட்டப்பட்டு அங்கே குவிகின்றன. நடைபாதையில் பேரம் பேசி வாங்கிய மேல்சட்டை, நல்ல வெளிச்சத்தில் படம் பிடிக்கப்பட்டதும் இரட்டை விலைக்குப் போகிறது. அது விண்டேஜும் இல்லை, பலசமயம் ஒருமுறைகூட உடுத்தியதும் இல்லை. சரோஜினி நகரை நம்பியிருக்கும் சம்பளக்காரப் பெண்களுக்கு நல்ல சரக்கு முன்னாலேயே போய்விடுகிறது என்ற முணுமுணுப்பும் இருக்கிறது.

வெளிநாட்டுப் பழந்துணி என்று சொல்லி விற்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. உடுத்திய துணியை இறக்குமதி செய்து அப்படியே விற்க இந்தியாவில் தாராள அனுமதி கிடையாது. மறுபடி உடுத்த முடியாதபடி வெட்டிச் சிதைத்த துணி, பானிபட்டின் ஆலைகளுக்கு வரலாம். தில்லிக்கு வடக்கே சுமார் 90 கிலோமீட்டரில் உள்ள அந்த ஊரில் அமெரிக்க, ஐரோப்பிய ஸ்வெட்டர்கள் நார் நாராகப் பிரிக்கப்பட்டு, 'ஷாடி' என்ற மறுநூலாகி, மலிவுக் கம்பளிகளாக மாறுகின்றன. வெட்டுப்படாமல் வழிதவறிச் சந்தைக்கு வந்துவிடும் கோட்டுகளும் இல்லாமல் இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே ஒழுங்காகக் கணக்குச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கிருதி துலா 2012-ல் தில்லியில் தொடங்கிய 'டூடுலேஜ்' ஆலைகளில் மிஞ்சிய துண்டுகளையும் பழுதான துணியையும் கொண்டே உடை தைக்கிறது. கழிவு என்பதை மறைக்காமல் அதையே விளம்பரமாக்கிய முதல் தலைமுறைக் கம்பெனிகளில் ஒன்று. அதன் வழியில் சின்னச் சின்ன லேபிள்கள் பல வந்துவிட்டன. ஒரே மாதிரி இரண்டு உடுப்பு தைக்க முடியாது என்பதுதான் இவர்களின் பலம். வியாபாரம் பெரிதாகாமல் தடுப்பதும் அதுவே.

ஹவுஸ் காஸ் சொல்லும் பாடம்

ஷாபூர் ஜாட்டின் எதிர்காலத்தைப் பார்க்க ஜோசியரிடம் போக வேண்டாம். சில கிலோமீட்டர் மேற்கே ஹவுஸ் காஸ் கிராமத்துக்குப் போனால் போதும்.

இரண்டு ஊருக்கும் உறவு ஏழு நூற்றாண்டுப் பழசு. சிரி நகரவாசிகளின் தண்ணீருக்காக அலாவுதீன் கில்ஜி வெட்டிய ஏரிதான் ஹவுஸ் காஸ். பின்னர் ஃபிரோஸ் ஷா துக்ளக் அதைத் தூர்வாரி, 1352-ல் கரையில் மதரஸா கட்டினார். அவருடைய சமாதியும் அங்கேதான். அந்த இடிபாடுகளை ஒட்டியிருந்த லால் டோரா கிராமத்தில் 1980-களின் பிற்பகுதியில் பீனா ரமணி பூட்டிக் திறந்தார். மாடு கட்டியிருந்த சந்தில் பணக்காரப் பெண்கள் ஹைஹீல்ஸ் செருப்போடு நடந்தது தில்லிக்கே வேடிக்கை. தொடர்ந்து மற்ற டிசைனர்கள் வந்தார்கள். இந்திய டிசைனர் உடை என்று ஒன்று இருப்பதாகத் தலைநகரின் நடுத்தர வர்க்கம் தெரிந்துகொண்ட இடங்களில் அது முக்கியமானது.

பின்னர் இரண்டாவது அலை. ஓவியர்கள், பழைய சினிமா போஸ்டர் விற்பவர்கள், சிறு பதிப்பாளர்கள், தனி லேபிள்காரர்கள் குறைந்த வாடகைக்கு நுழைந்தார்கள். அவர்களைப் பார்க்கக் கூட்டம் வந்தது. கூட்டத்துக்குப் பசித்தது. உணவகங்கள் வந்தன, பின்னாலேயே மதுக்கூடங்கள். ஒரு நாளில் நாலு சட்டை விற்கிற கடையும் நானூறு கோப்பை விற்கிற கடையும் ஒரே வாடகை கொடுக்க முடியுமா? சட்டைக்கடைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. 2013-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கழிவு வெளியேற்றத்தைக் காரணம் காட்டி முப்பதுக்கும் மேற்பட்ட உணவகங்களை மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை போனது. சில நாட்களில் நிபந்தனைகளோடு அவை திறந்தன. போன பூட்டிக்குகள் பெரும்பாலும் திரும்பவில்லை. அவற்றில் பலவற்றுக்கு அடைக்கலம் தந்தது ஷாபூர் ஜாட்.

இப்போது அதே பல்லவி இங்கேயும் கேட்கிறது. கல்யாண லெஹங்கா வியாபாரம் பெருகப் பெருக, தெருவைப் பார்த்த கீழ்த்தளங்கள் வசதியுள்ள பெயர்களுக்குப் போகின்றன. சிறியவர்கள் பின்சந்துக்கும் மேல்மாடிக்கும் நகர்கிறார்கள். மேல்மாடிக்கு டிசைனர் ஏறினால், அங்கே அட்டா போட்டிருந்த காரிகர் எங்கே போவார்? நகரின் ஓரத்துக்கு. அதோடு வடிவமைப்பவரும் தைப்பவரும் ஒரே படிக்கட்டில் சந்திக்கிற வசதி முடிந்தது. அது முடிந்தால் ஷாபூர் ஜாட்டுக்கும் ஒரு மாலுக்கும் என்ன வித்தியாசம்? மாலில் கார் நிறுத்த இடமாவது இருக்கிறது.

சட்டத்தின் நிழலும் விலகவில்லை. 2006-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி தில்லியில் விதிமீறிய கடைகளுக்குச் சீல் வைத்தபோது நகரமே ஸ்தம்பித்தது. லால் டோரா என்ற சலுகை எதுவரை செல்லும், எங்கே முடியும் என்ற வழக்கு அப்போதிலிருந்து தீராமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. நெருக்கமாக எழுந்த மாடிகள், தொங்கும் கம்பிகள், தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துகள் இவையெல்லாம் நிஜமான ஆபத்துகள். விதி வேண்டாம் என்று யாரும் வாதாட முடியாது. ஆனால் விதியைக் கடைப்பிடிக்கும் செலவைத் தாங்கக்கூடியவன் பெரிய கடைக்காரன் மட்டும்தான் என்றால், பாதுகாப்பின் பெயரால் சின்னவன் வெளியேறுவான். பூவேலைக்காரர்களுக்கு இங்கேயே காற்றோட்டமான, வாடகை கட்டுப்படியாகும் பட்டறை தர யாராவது முன்வந்தால் இரண்டு பிரச்னைக்கும் பாதி விடை கிடைக்கும். இதுவரை கட்டடம் கட்டுகிறவர்களின் கண் வேறு பக்கம் இருக்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு

பழம்பட்டை வாங்கும் முன் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். பட்டு முதலில் இறுகிப்போகும் இடம் மடிப்பு. கோடு கோடாக வெளிச்சம் தெரிந்தால் உடம்பு போய்விட்டது என்று அர்த்தம். அதைக் கட்ட முடியாது, வெட்டித்தான் பயன்படுத்த முடியும். சரிகையை மெல்லச் சுரண்டிப் பார்த்தால் அசல் காஞ்சிபுரச் சரிகையில் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியும். வெள்ளை நூலோ பளபளக்கும் பிளாஸ்டிக்கோ தெரிந்தால், 'பழங்காலத்து அசல்' என்ற அட்டையை நம்ப வேண்டாம்.

முக்கியமாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இதை யார் தைத்தது, எங்கே? நல்ல கடைக்காரர் தயங்காமல் மாடியைக் காட்டுவார். புடவை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ரகுபீர் நகர் என்று சொல்லக் கூச்சப்படாதவரை இன்னும் நம்பலாம். வம்ச பரம்பரையாக ஒரு ஜமீன் குடும்பத்துப் பீரோவில் இருந்தது என்று கதை தொடங்கினால், அந்தக் கதைக்கும் சேர்த்துத்தான் விலை போட்டிருப்பார்கள்.

நானும் ஒருநாள் கையில் பையோடு அந்தப் படிக்கட்டில் ஏறினேன். பைக்குள் அம்மாவின் அரக்குப் புடவை. கண்ணாடி அலமாரியில் அந்தக் கோட்டைப் பார்த்ததிலிருந்து பீரோவில் சும்மா கிடக்கிறதே என்ற உறுத்தல். மாஸ்டர்ஜி அதை ஜன்னல் பக்கம் விரித்துப் பிடித்தார். மடிப்பெல்லாம் வெளிச்சம். பின்னர் கரையை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

"உடம்பு போச்சு தீதி. கரைக்கு ஒண்ணும் ஆகலை" என்றார் இந்தியில்.

கோட்டு தைத்துவிடலாமா என்று கேட்டேன். தைக்கலாம், ஆனால் இரண்டு வருஷம்கூட வராது, முழங்கையில் விட்டுவிடும் என்றார். புதுப்பட்டு வாங்கி வாருங்கள், இந்தக் கரையைப் பிரித்து அதில் ஏற்றித் தருகிறேன், உங்கள் மகள் காலம்வரை நிற்கும் என்றார். நம் ஊரிலும் கரை மாற்றும் வழக்கம் உண்டு. தில்லியில் ஒருவர் வாயிலிருந்து கேட்டபோது ஏனோ நிம்மதியாக இருந்தது. கோட்டு தைத்திருந்தால் அவருக்குத்தான் அதிகக் கூலி.

ஒரு துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிக் கொடுத்தார். கரை பிரிக்க இவ்வளவு, ஏற்றித் தைக்க இவ்வளவு, விட்டுப்போன அன்னங்களுக்கு மேல்மாடிப் பையன் நூலோட்ட ஒன்றரை நஃப்ரி. ஒவ்வொரு கைக்கும் அந்தச் சீட்டில் ஒரு வரி இருந்தது. கீழே இறங்கி வரும்போது கண்ணாடி அலமாரிக் கோட்டின் அட்டையை மறுபடி படித்தேன். எந்தக் காலத்துப் பட்டு என்று இருந்தது, எந்த டிசைனர் என்று இருந்தது, விலை இருந்தது. அந்த வரிகள் மட்டும் இல்லை.